சொன்ன நாளில் வராதவர்கள்: ஒரு சிறுவனின் பொறுமையை அளக்கப்போன நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் ஒரு மீனவர் ஊர். பெயரைச் சொல்லவில்லை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அங்குள்ள அங்கன்வாடிக்கு (ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் பால்வாடிதான்) எங்கள் சிறு குழு பல மாதங்கள் போய்வந்தது. சின்னப் பிள்ளைகளிடம் தன்னடக்கம் (தன் ஆசையையும் கையையும் தானே கட்டுப்படுத்துவது) எப்படி வளர்கிறது என்று பார்ப்பது வேலை. குழு என்றால் நானும் ஒரு சக ஆய்வாளரும்தான். வண்டி கிடைக்கும் நாளில் வண்டி, இல்லாவிட்டால் பஸ்.

பார்த்த பிள்ளைகளில் ஒரே ஒரு பையனைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அவனிடம் நாங்கள் செய்த தவறை மற்றப் பிள்ளைகளிடமும் செய்தோம். அவன் விஷயத்தில்தான் அது எங்கள் கண்ணில் பட்டது.

முதலில் பார்த்தபோது அவனுக்கு 3 வயது 9 மாதம். அப்பா மண்டபத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா பாசிக்கு, அதாவது கடற்பாசி எடுக்க, போகிறவர். போகும் நாட்களில் விடியுமுன்னே கிளம்பி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கி மூழ்கிப் பாசி எடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல்தான் கரை சேர்வார். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தா. பக்கத்து வாசலில் பெரியப்பாவின் மகன்கள் 3 பேர், எல்லோரும் பள்ளிக்கூடம் போகிற வயது. தாத்தா கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டு கரையிலேயே இருப்பார்.

ஊரின் வரவு செலவு கடலைப் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஏறுகிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் கையில் காசு இருக்காது. தடை முடிந்த பிறகும் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்துத்தான் போக வேண்டும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்பினால் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கெடும். வாடை தொடங்கினால் பாக் நீரிணைப் பக்கம். பிழைப்புக்காகக் காற்றைப் பார்த்துக் கரை மாறுவது இங்கே பழைய வழக்கம். போனவர் எப்போது வருவார், வந்தால் என்ன கொண்டு வருவார் என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். "பாடு கிடைச்சா பாப்போம்" என்பார்கள். பாடு என்றால் வலையில் விழும் மீன்.

எதை அளக்க நினைத்தோம்

தன்னடக்கம் என்றதும் எல்லோரும் சொல்வது மிட்டாய்ச் சோதனை. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்திலிருந்த மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் தொடங்கியது. பிள்ளை முன்னால் ஒரு தின்பண்டம். இப்போதே தின்னலாம், அல்லது பெரியவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பிலும் நன்றாக வந்தார்கள் என்று 1990-இல் வந்த கட்டுரை அதைப் பிரபலமாக்கியது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலையும் பிள்ளையின் ஆரம்ப அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்தபோது மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. இது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. படித்திருந்தோம். படித்தும் மிட்டாயோடுதான் போனோம். ஏனென்றால் அது சுலபம்: ஒரு தட்டு, ஒரு கடிகாரம் போதும்.

இரண்டாவது, சீட்டுப் பிரிக்கும் சோதனை. சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறம்; மீன், படகு என்று இரண்டு உருவம். முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வோம். அப்புறம், "இப்ப விளையாட்டு மாறிருச்சு, உருவத்தை வச்சுப் பிரி" என்போம். 3 வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பழைய விதியிலேயே மாட்டிக்கொள்வார்கள். 5 வயதுக்குள் பெரும்பாலோர் சட்டென்று மாறிவிடுவார்கள். ஃபிலிப் செலாஸோவும் கூட்டாளிகளும் 1990களில் உருவாக்கிய இந்தச் சோதனையில் என்னை இன்றைக்கும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. தப்பாகப் பிரிக்கும் பிள்ளைக்குப் புதிய விதி தெரியும். கேட்டால் சரியாகச் சொல்லும். கைதான் கேட்காது.

கை கேட்பதற்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி ஓரளவு முதிர வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் மூளை வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. 5, 6 வயதுக்குள் 10-இல் 9 பங்கை எட்டிவிடும். எடை வந்துவிட்டதே என்று வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் முதல் ஓரிரு வருடத்தில் தேவைக்கு மேல் பெருகி, பிறகு வருடக்கணக்கில் வேண்டாதவை கழிகின்றன. நெற்றிப் பக்கம் இந்த வேலை கடைசியில்தான் முடிகிறது. 20 வயதைத் தாண்டியும் நடக்கிறது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் இதே சீட்டுச் சோதனையின்போது பிள்ளைகளின் நெற்றிப் பகுதியில் ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். விதி மாறியதும் மாற முடிந்த பிள்ளைகளிடம் அந்தப் பகுதி உயிர்ப்பாக இருந்தது. மாட்டிக்கொண்ட 3 வயதுப் பிள்ளைகளிடம் அப்படி இல்லை. அந்த ஆசையில் நாங்களும் ஒரு நெற்றிப்பட்டைக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனோம்.

ஜூன்: முதல் வருகை

இதை அப்போது நான் ஒரு நிகழ்வாகவே நினைக்கவில்லை. பிள்ளைகளோடு பழகுவதற்காகப் போன நாள். விளையாடிவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த வாரம் வருவோம், எல்லாருக்கும் கலர் பென்சில் கொண்டு வருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் வண்டி கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வேறு வேலை. மறுபடி போனது 5 வாரம் கழித்து, ஜூலையில். பென்சில் கொண்டுபோகவில்லை, சொன்னதே நினைவில் இல்லை.

ஜூலை: முதல் சுற்று

பிள்ளைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தோம். 7 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் போதும் என்பது விதி. ஆனாலும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுவது என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். இந்தப் பையனின் தாளில் அப்பத்தாதான் ரேகை வைக்க வந்தார். நாங்கள் அம்மா வரும்வரை இருந்து வாங்கினோம்.

கச்சான் காலம். கதவிடுக்கு வழியாக மணல் வந்து பாயில் விழுந்துகொண்டிருந்தது. மணி 11:15. அங்கன்வாடியின் சாமான் அறையைக் காலி செய்து, ஒரு சின்ன மேஜை, எவர்சில்வர் தட்டு, அதில் ஒரு கடலை மிட்டாய். உச்ச வரம்பு 10 நிமிடம். "அக்கா வெளிய போயிட்டு வர்றேன். வர்ற வரைக்கும் தின்னாம இருந்தீன்னா ரெண்டு" என்று சொல்லி, அவன் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்தேன். சரியாகச் சொன்னான்.

நான் கதவைச் சாத்தி முடிக்குமுன்னே மிட்டாய் வாய்க்குள் போய்விட்டது. 8 நொடி. உள்ளே போய்ப் பார்த்தபோது அவன் முகத்தில் குற்ற உணர்வோ குறும்போ இல்லை. கன்னம் புடைக்க மென்றுகொண்டு, வேலை முடிந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இதைக் குறிப்பில் எழுதினேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

சீட்டுச் சோதனையில் நிறத்துக்கு எல்லாமே சரி. உருவத்துக்கு மாறச் சொன்னதும் முதல் சீட்டு நீல மீன். "மீன் எங்க போகும்?" என்றேன். மீன் பெட்டியைக் கைகாட்டினான். "போடு" என்றேன். நீலப் படகு இருந்த பெட்டியில் போட்டான். 6 சீட்டும் அப்படியே. சூரியன் படத்துக்கு "ராத்திரி" என்றும் நிலாப் படத்துக்குப் "பகல்" என்றும் சொல்ல வேண்டிய விளையாட்டில், இரண்டு தடவை சரியாகச் சொல்லிவிட்டு அப்புறம் சூரியனைப் பார்த்துப் "பகல்" என்றான். அந்த வயதுக்கு இவை இரண்டும் எதிர்பார்த்ததே.

நெற்றிப்பட்டை கதை தனி. சிவப்புக்கு அப்பால் உள்ள ஒளியை நெற்றி வழியாகச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் அளவை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எப்படி மாறுகிறது என்று கணிக்கும் கருவி. மூளையின் மேற்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் எட்டும். வெளி வெளிச்சம் பட்டால் கணக்குக் கெட்டுவிடும். கடற்கரை ஊரில் காலை 11 மணி வெளிச்சத்தை எந்தச் சன்னலும் அடக்காது. ஆகவே தலைமேல் கறுப்புத் துணி போட்டோம். தேங்காயெண்ணெய் நெற்றிவரை வழிந்து பட்டை நழுவியது. துடைத்துவிட்டு மறுபடி கட்டினோம். துணிக்குள்ளிருந்து அவன், "கோழிய மூடுற மாதிரி மூடுறாக அப்பத்தா" என்று வெளியே இருந்த அப்பத்தாவைக் கூப்பிட்டான். பட்டையைக் கழற்றினோம். பதிவான கொஞ்சமும் தலை ஆடியதால் உதவாது என்று தள்ளிவிட்டோம். அடுத்த சுற்றுகளில் கருவியைக் கொண்டுபோகவே இல்லை. அந்த ஒரு முடிவில் மட்டும் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை.

ஒரு வார்த்தை

கிளம்பும்போது அங்கன்வாடி டீச்சர் கேட்டார்: "இவன் எப்படி மேடம் செஞ்சான்?" மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எண்ணைச் சொல்லவில்லை, "கொஞ்சம் அவசரக்காரன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

2 வாரம் கழித்துப் போனபோது அவனுடைய பெயர் அங்கே "அவசரக்காரன்" ஆகியிருந்தது. ஆயாவும் அப்படித்தான் கூப்பிட்டார், பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். டீச்சர் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. நான் சொன்னதை ஒரு நிபுணர் கருத்தாக எடுத்துக்கொண்டு, பொறுமை பழகட்டும் என்று சாப்பாட்டு வரிசையில் அவனைக் கடைசியில் நிற்க வைத்திருந்தார்.

அன்றைக்கு முட்டை நாள். வேகவைத்த முட்டையில் ஒன்று உடைந்துபோய் எண்ணிக்கை குறைந்துவிட்டது. வரிசை நகர்ந்து நகர்ந்து அவன் முறை வந்தபோது மிஞ்சியது பாதி முட்டை. தட்டில் விழுந்த அந்தப் பாதியை அவன் புரட்டிப் பார்த்தான். மஞ்சள் கரு பாதி உதிர்ந்திருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தட்டுகளை ஒருமுறை பார்த்தான். அழவில்லை. அடுத்த முட்டை நாளில் வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் ஓடி வாளிக்குள் கையை விட்டதாக டீச்சர் பிறகு சொன்னார். "நீங்க சொன்னது சரிதான் மேடம், இவனுக்குப் பொறுமையே இல்ல" என்றார்.

கரையில் பார்த்தது

அன்று மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கரைப் பக்கம் நடந்தேன். தாத்தா வலையை விரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாலடி தள்ளி, படகு கட்டும் பழைய கல்லின்மேல் இவன். கையில் தங்கூசி நரம்பு, மறுமுனை தண்ணீரில். நரம்பை ஆட்காட்டி விரலின் முதல் மடிப்பில் ஒரே ஒரு சுற்று சுற்றி, கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்திருந்தான். கால்விரல்கள் கல்லைக் கவ்வியிருந்தன. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, உதட்டை மட்டும் அசைத்து, "இழுத்தா போயிரும்" என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை, எனக்கா, அவனுக்கேயா.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பழக்கதோஷம். நரம்பு இரண்டு முறை துடித்தது. இரண்டு முறையும் அவன் இழுக்கவில்லை. மூன்றாவது முறை துடித்து இறுகியபோது எழுந்து பின்னால் நடந்துகொண்டே இழுத்தான். உள்ளங்கை நீளத்தில் ஒரு மீன். நான் உட்கார்ந்ததிலிருந்து 23 நிமிடம். அதற்கு முன்னால் எவ்வளவு நேரமாக இருந்தான் என்று தாத்தாவைக் கேட்டேன். "அது இருப்பான், சாயங்காலம் பூராம் இருப்பான்" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

2 வாரம் முன்னால் 8 நொடியில் தின்றவன் என்று எங்கள் தாளில் இருக்கும் அதே பிள்ளை. இது எப்படி என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். தூண்டில் அவனுக்குப் பழகிய வேலை என்பது ஒரு காரணம். 2022-இல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டுக்குக் காத்திருந்து பழகிய ஜப்பானியப் பிள்ளைகள் தின்பண்டத்துக்கு நீண்ட நேரம் காத்திருந்தார்கள். பரிசுப்பொட்டலத்தைப் பிரிக்கக் காத்திருந்து பழகிய அமெரிக்கப் பிள்ளைகள் பொட்டலத்துக்கு நீண்ட நேரம் காத்திருந்தார்கள். பழக்கம் பாதி விடை தருகிறது. மீதியை அப்பத்தாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

விசாரித்ததில் தெரிந்தது

மறுவாரம் வீட்டுக்குப் போனேன். சோதனையைப் பற்றிச் சொல்லாமல், வீட்டில் மிட்டாய் வாங்கினால் எப்படித் தின்பான் என்று கேட்டேன். அப்பத்தா சிரித்தார். "கையில வச்சிருந்தா பெரியவய்ங்க பிடுங்கிருவாய்ங்கள்ல. வாயில போட்டாத்தான் நம்மளது."

அப்பா கடலுக்குப் போகும்போது, வரும்போது வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாராம். பாடு நன்றாக இருந்தால் பொட்டலத்தோடு வருவார். இல்லாவிட்டால் பிள்ளை தூங்கும்வரை வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வருவார். பாசி நாட்களில் பையனுக்குக் காலையில் ஒரு வரக்காப்பியும் பன்னும்தான் என்றும் தெரிந்தது. நாங்கள் சோதனை வைத்தது பாசி நாளில், சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால்.

எழுந்திருக்கும்போது அவர் சொன்னது இது: "கலரு பென்சிலு தர்றேன்னீகளாமே. நாலஞ்சு நாளு வாசல்லயே நின்னான், வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், ஓடுவான்." குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சும்மா ஒரு செய்தி மாதிரி சொன்னார். வீட்டுக்கு வந்து களக்குறிப்பைப் புரட்டினேன். ஜூன் மாதப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: "அடுத்த வாரம் — க. பென்சில்."

2013-இல் வெளியான ஓர் ஆய்வு அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, மிட்டாய்ச் சோதனைக்கு முன்னால் ஒரு பாதிக்கு நல்ல வர்ணப்பொருட்கள் தருகிறேன் என்று சொல்லித் தந்தார்கள். மறுபாதிக்குச் சொல்லிவிட்டு, இல்லையே என்று வெறுங்கையோடு வந்தார்கள். கொடுத்தவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் 2 நொடி காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம் 2 நொடி. அந்த ஆய்வில் ஆய்வாளர் வேண்டுமென்றே செய்ததை நாங்கள் மறதியில் செய்திருந்தோம். சொன்னதைச் செய்யாத ஆள் வந்து இன்னொரு மிட்டாய் தருகிறேன் என்றால், இருப்பதைத் தின்றுவிடுவதுதான் கணக்குத் தெரிந்த பிள்ளை செய்யும் காரியம்.

எடுத்த முடிவுகள்

முதலில் டீச்சரிடம் போனேன். அவசரக்காரன் என்று நான் சொன்னது தப்பு, பசியோடு இருந்த பிள்ளையை நாங்கள் ஏமாற்றிவிட்டு அளந்தோம் என்றேன். அவர் உடனே ஏற்கவில்லை. வாளிக்குள் கைவிட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பாதி முட்டையை நினைவுபடுத்தியபோது கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு வரிசையைத் தினம் ஒரு பக்கமிருந்து தொடங்குவதாகச் சொன்னார்; பெயர் சொல்லிக் கூப்பிடும்படி ஆயாவிடமும் சொன்னார். நாளைக்குத் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்வதைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, "எனக்கே பொருள் எப்ப வரும்னு தெரியாது மேடம், நான் என்னத்தச் சொல்றது?" என்றார். நியாயம்தான். வந்தால் தருகிறேன், வராவிட்டால் இல்லை என்று சொல்லலாமே என்பதோடு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்தது, எங்கள் சொல்லைத் திரும்பக் கட்டுவது. ஆகஸ்டில் பென்சில்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைக்குச் சொல்லிவிட்டு வராததற்குப் பிள்ளைகளிடமே மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை. வர முடியாவிட்டால் முதல் நாளே டீச்சருக்குப் போன். என்ன கொண்டு வருவேன் என்று சொல்கிறேனோ அதை மட்டும், சின்னதாக: ஒரு பலூன், பழைய காலண்டர் தாள்கள்.

சக ஆய்வாளர் இதை எதிர்த்தார். அவர் வாதம் இது: பழகிப் பழகி நம்பவைத்துவிட்டுச் சோதித்தால் எதைச் சோதித்ததாகும்? மற்றப் பிள்ளைகளோடு எப்படி ஒப்பிடுவது? வாதத்தில் சாரம் இருந்தது. முதல் மதிப்பெண்ணை மாற்றுவதில்லை, இரண்டாவதைத் தனிக் கட்டத்தில் எழுதுவது, எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி நடத்துவது என்று ஒத்துக்கொண்டோம். ஆனால் நியூசிலாந்தில் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்து, சிறுவயதுத் தன்னடக்கத்துக்கும் 32 வயது வாழ்க்கைக்கும் தொடர்பு காட்டிய ஆய்வை எங்கள் திட்டக்குறிப்பின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தோம். அவர்கள் தன்னடக்கத்தை மதிப்பிட்டது பல வருடங்கள், பெற்றோர், ஆசிரியர், பார்வையாளர் என்று பலரிடம் கேட்டு. நாங்கள் ஒரு மிட்டாயை வைத்துக்கொண்டு அந்த ஆய்வின் நிழலில் நின்றுகொண்டிருந்தோம். இதை நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். ஒரு வேலை கூடியது, அங்கன்வாடி நடப்பையும் குறித்துக்கொள்வது.

செப்டம்பர்: இரண்டாம் சுற்று

அவனுக்கு 4 வயது நிறைந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அரைமணி நேரம் கழித்து, அதே அறை, அதே தட்டு. பெரிய பையன்கள் பள்ளியில் இருக்கும் நேரம் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்தினேன். இடுக்கு வழியாகப் பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்ச நேரம் மிட்டாயைப் பார்த்தான். விரலால் தொட்டு, விரலை நக்கினான். பிறகு அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்து மிட்டாய்மேல் கவிழ்த்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அங்கன்வாடியில் சொல்லித்தந்த பாட்டைப் பாடினான். பண்டம் கண்ணில் படாமல் இருந்தால் பிள்ளைகள் அதிக நேரம் தாங்குவார்கள் என்பது மிஷெலின் ஆரம்பகாலச் சோதனைகளிலேயே தெரிந்தது. அதை இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

7 நிமிடம் 20 நொடியில் சன்னலில் ஒரு தலை தெரிந்தது. பெரியப்பாவின் நடு மகன். அன்றைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகவில்லையாம். "டேய், என்னடா வச்சிருக்க?" என்றான். டம்ளர் தூக்கப்பட்டது, மிட்டாய் போய்விட்டது.

சீட்டுச் சோதனையில் மாற்றம் எதுவும் இல்லை. விதியைச் சரியாகச் சொன்னான், பழையபடி நிறத்துக்கே போட்டான். 6-இல் ஒன்று சரி. அதுவும் தற்செயலாக இருக்கலாம்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. 2 மாதத்தில் காத்திருப்பு 8 நொடியிலிருந்து 7 நிமிடத்துக்குப் போயிருக்கிறது. விதி மாற்றம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் தன்னடக்கம் என்ற ஒரே தலைப்பில் கூட்டி ஒரு மொத்த மதிப்பெண் போடத்தான் திட்டமிட்டிருந்தோம். அப்படிப் போட்டிருந்தால், ஆளை நம்புவதா வேண்டாமா என்ற அவன் முடிவும், இன்னும் முதிராத நெற்றிப் பகுதியும் ஒரே எண்ணுக்குள் மறைந்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் நாங்கள் ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றிவிட்டோம்: வயிறு நிறைந்திருந்தது, ஆளைப் பழக்கம், விளையாட்டும் பழக்கம், பட்டப்பெயர் சொல்லி ஏளனம் செய்வது நின்றிருந்தது. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதே பெரும்பங்கு என்பது என் எண்ணம். சக ஆய்வாளர் பசி என்கிறார்.

பிப்ரவரி: மூன்றாம் சுற்று

4 வயது 5 மாதம். வாடைக்காலம் முடிந்திருந்தது. இடையில் மழையால் 3 செவ்வாய் போக முடியவில்லை. 3 முறையும் முன்கூட்டியே போன் செய்தோம்.

காத்திருப்பு முழு 10 நிமிடம். 9-ஆம் நிமிடத்தில் கதவருகே வந்து, "அக்கா, இருக்கீகளா?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்லலாமா என்று எங்கள் விதியில் எழுதியிருக்கவில்லை. "இருக்கேன்" என்றேன். திரும்பிப் போய் உட்கார்ந்தான். இரண்டு மிட்டாயும் வாங்கியதும் ஒன்றைத் தின்றான், இன்னொன்றை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சீட்டில் விதி மாறியதும் முதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கை நிறப்பெட்டிப் பக்கம் பாதி தூரம் போய் நின்றது. திரும்பி மீன் பெட்டிக்கு வந்தது. 6-இல் 5 சரி. அதே மாதங்களில் அதே வயதைக் கடந்த மற்றப் பிள்ளைகளில் சிலரும் மாறியிருந்தார்கள், சிலர் மாறவில்லை. இதற்கு நாங்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை.

அங்கன்வாடி நடப்பில், வரிசையை உடைப்பது நின்றுவிட்டதாக டீச்சர் சொன்னார். முழுக்க நிற்கவில்லை என்று நானே இரண்டு முறை பார்த்தேன்; மற்றப் பிள்ளைகள் அளவுக்கு அவனும். வீட்டில் அப்பா இப்போது பாடு கிடைத்தால் மட்டும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போவதாக அப்பத்தா சொன்னார். அது எங்கள் பேச்சால் வந்ததா, டீச்சர் சொன்னாரா, அவர்களாகவே மாறினார்களா, கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை எதை மாற்றுவோம்

கையில் இல்லாததைத் தருவதாகப் பிள்ளையிடம் சொல்வதில்லை. இதை எழுதி ஒட்டத் தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம், நாங்கள் ஒட்டியிருக்கிறோம். சோதனை நாளில் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, அம்மா வீட்டில் இருக்கிறாரா பாசிக்குப் போயிருக்கிறாரா, அப்பா கடலிலிருந்து வந்தாயிற்றா என்று மூன்று கேள்வி தாளின் மேலேயே அச்சாகிவிட்டது. வருகைகளைத் திங்கள் செவ்வாய் என்று எங்கள் வசதிக்குக் குறிக்காமல், பாசி நாட்களை ஊர்ப் பெண்களிடம் கேட்டுக் குறிக்கிறோம். தடைக்காலத்தில் காத்திருப்புச் சோதனை கிடையாது.

காத்திருப்பும் விதி மாற்றமும் தனித்தனிக் கட்டம், கூட்டுத்தொகை இல்லை. ஒரு பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு எதையும் எழுதுவதில்லை. அவன் வழக்கமாகப் பொறுமையாகச் செய்யும் ஒரு வேலையையாவது, தூண்டிலோ சங்கு பொறுக்குவதோ தம்பியைத் தூங்கவைப்பதோ, நேரில் பார்த்துவிட்டுத்தான் தாளை மூடுவது. கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை கூப்பிட்டால் பதில் சொல்வது என்றும் விதியில் சேர்த்தோம். சக ஆய்வாளருக்கு இதில் இன்னும் சம்மதம் இல்லை.

டீச்சர்களிடம் எண்ணையோ அடைமொழியையோ சொல்வதில்லை. எப்படிச் செய்தான் என்று கேட்டால், அன்றைக்கு அவன் செய்த ஒரு காரியத்தை அப்படியே சொல்வோம்: டம்ளரை எடுத்துக் கவிழ்த்தான், பாட்டுப் பாடினான். அதை வைத்து யாரும் பட்டப்பெயர் வைத்தால், வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை மாதத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. 8 நொடி என்ற எண்ணை அடிக்கவில்லை. அதன் ஓரத்தில், பென்சில் சொன்ன தேதியையும் கொடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே எங்கள் இருவரின் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறோம்.